சிப்பினுள் கம்பிகளின் வரிசையும் இடைவெளியும்: எவ்வளவு மாறுகின்றன, எதனோடு சேர்ந்து மாறுகின்றன?

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இதுதான். அவர் ஒரு 3 பிட் எண்ணியின் (ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் 0 முதல் 7 வரை ஒவ்வொன்றாக எண்ணும் சுற்றின்) வெளியீடுகளைச் சிப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தூரம் சமாந்தரமாகக் கொண்டு செல்கிறார். இரு ஓரங்களிலும் எப்போதும் 0 வோல்ட்டில் நிற்கும் புவிக் கம்பிகள் உள்ளன. கம்பிகளுக்கிடையிலான இடைவெளிகள் எல்லாம் சமம். 0, 1, 2 என்ற இயல்பான வரிசையை (0 என்பது மிகக் கீழ் பிட், அதுவே மிக வேகமாக மாறுவது) 0, 2, 1 என்று மாற்றி, வேகமாக மாறும் இரு கம்பிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கிப் பார்த்திருக்கிறார். வலு சற்றும் குறையவில்லை; தாமதம் மட்டும் கூடிவிட்டது. "சமிக்ஞைகளின் மாறும் தன்மையைப் பார்த்துக் கம்பிகளை அமைக்க வேண்டும் என்று படித்தோமே, அப்படிச் செய்தும் ஏன் பயனில்லை?" என்பது அவருடைய கேள்வி.

அவருக்குக் கிடைத்த விடை சரியானதே. கருவியிலும் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. ஒரு கம்பி எத்தனை முறை மாறுகிறது என்ற தகவலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இடைவெளிகளைச் சமமாகவே விட்டுவிட்டு, வரிசையை எப்படிக் கலைத்தாலும் வலு மாறாது. ஏன் மாறாது என்பதை விளங்கிக்கொண்டால், எதைச் செய்தால் மாறும் என்பதும் தானாகவே தெளிவாகும்.

முதலில் பௌதிகம். இன்றைய சிப்புகளில் கம்பிகள் அகலத்தைவிட உயரம் கூடியவை. கம்பியை ஒடுக்கிக்கொண்டே வரும்போது தடை கூடாதிருக்க வேண்டும் என்பதற்காக உயரத்தை அதே அளவுக்குக் குறைக்காமல் விட்டார்கள். 1997இல் ஐபிஎம் நிறுவனம் அலுமினியத்துக்குப் பதிலாகச் செப்பைப் பயன்படுத்தும் முறையை அறிவித்ததும் அதே தடைப் பிரச்சினைக்காகத்தான். ஆனால் உயரமான இரு கம்பிகள் அருகருகே நெடுந்தூரம் ஓடும்போது அவற்றின் பக்கச் சுவர்கள், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கொள்ளளவியின் இரு தட்டுகளாகிவிடுகின்றன. இதனால் ஒரு கம்பியின் மொத்தக் கொள்ளளவத்தில் பெரும்பகுதி கீழுள்ள அடித்தளத்தோடு அல்லாமல் அயல் கம்பிகளோடு பிணைந்துள்ளது. கம்பியின் சுமை எவ்வளவு என்பது அதன் நீள அகலத்தை மட்டுமன்றி, அந்தக் கணத்தில் அயல் கம்பி என்ன செய்கிறது என்பதையும் பொறுத்து அமைகிறது.

அம்பாறை மாவட்டத்து வயல் வட்டைகளில் இதே விடயத்தை வரம்பில் பார்க்கலாம். அடுத்தடுத்த இரு வயல்களிலும் நீர் ஒரே மட்டத்தில் ஏறினால் இடையிலுள்ள வரம்புக்குச் சுமையில்லை. ஒன்றில் மட்டும் ஏறினால் வரம்பு தாங்க வேண்டும். மின்சுற்றில் இதைவிட மோசமான நிலை ஒன்றுண்டு: ஒன்று ஏறும் அதே கணத்தில் மற்றது இறங்குவது. அப்போது இரண்டுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு ஒரு முழு வோல்ட்டளவிலிருந்து எதிர்ப்பக்கத்து முழு வோல்ட்டளவுக்குத் திரும்புகிறது. அதாவது மாற்றம் இரட்டிப்பு.

தாமதத்தைக் கணக்கிடும்போது இதை ஒரு பெருக்குக் காரணியாக எழுதுவார்கள். அயல் கம்பி ஒரே திசையில் சேர்ந்து மாறினால் பிணைப்புக் கொள்ளளவம் 0 மடங்கு. அது சும்மா நின்றால் 1 மடங்கு. எதிர்த்திசையில் மாறினால் 2 மடங்கு. இரு புறமும் அயல் இருப்பதால் மொத்தம் 0 முதல் 4 வரை வரும். சிப்பின் கம்பிகளுக்கு ஒரு மைக்ரோமீற்றருக்கு 0.2 பெம்டோபரட் (கொள்ளளவத்தின் மிகச் சிறிய அலகு) என்பது நெடுங்காலமாகப் பயன்படும் தோராயக் கணக்கு. ஆகவே, தம்பி, உங்கள் 1 மில்லிமீற்றர் கம்பிக்கு 200 பெம்டோபரட் என்று கொள்வோம். அதில் 60 அடித்தளத்துக்கு, இரு அயல்களுக்கும் 70 வீதம் என்று பிரித்தால், இரு அயலும் சேர்ந்து மாறும்போது சுமை 60, இரண்டும் சும்மா நிற்கும்போது 200, இரண்டும் எதிர்க்கும்போது 340. ஒரே கம்பி, அதைச் செலுத்தும் ஒரே படலை (தர்க்கச் சுற்றின் அடிப்படை அலகு), ஒரே நீளம். சுமை மட்டும் ஐந்து மடங்குக்கு மேல் ஆடுகிறது. கம்பியைச் செலுத்தும் படலையின் தடை 1 கிலோஓம் என்றால் தாமதம் ஏறத்தாழ 41 பிக்கோசெக்கனிலிருந்து 235 பிக்கோசெக்கன் வரை போகும். (இரு கம்பிகளின் ஏற்ற இறக்கச் சரிவு வேகங்கள் மிகவும் வேறுபட்டால் ஒரு அயலுக்கான காரணி 0, 2 என்ற எல்லைகளையும் தாண்டி −1 முதல் 3 வரை போகக்கூடும், துல்லியமான ஆய்வில் அதையும் பார்ப்பார்கள். இங்கே நம் வாதத்துக்கு அது தேவையில்லை.)

சக்திக் கணக்கு சற்று வேறு. ஒரு பிணைப்புக் கொள்ளளவத்தில் இழக்கப்படும் சக்தி என்பது கொள்ளளவத்தின் பாதியை, அழுத்த வேறுபாட்டில் நிகழ்ந்த மாற்றத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவாகும். ஒரு கம்பி மட்டும் மாறினால் இதை ஓர் அலகு என்போம். இரண்டும் ஒரே திசையில் மாறினால் 0. எதிரெதிராக மாறினால், மாற்றம் இரட்டிப்பாவதால் சக்தி 4 அலகு. இப்போது கவனியுங்கள்: இரு கம்பிகளும் ஒன்றோடொன்று தொடர்பின்றி ஒரே நேரத்தில் மாறுவதாக இருந்தால் பாதி வேளைகளில் 0, பாதி வேளைகளில் 4, சராசரி 2. அவை வெவ்வேறு நேரங்களில் தனித்தனியே மாறினாலும் 1 + 1 = 2. இரண்டும் ஒன்றே. நீண்டகாலச் சராசரியில் ஓர் இடைவெளிக்குரிய சக்தி இரு கம்பிகளின் மாறல் வீதங்களின் கூட்டுத்தொகையிலிருந்து, அவை சேர்ந்து மாறும் போக்கின் இரு மடங்கைக் கழித்தால் வருவது. ஒரே திசையில் மாறினால் அந்தப் போக்குக்கு நேர்க்குறி, எதிர்த்திசையில் மாறினால் மறைக்குறி, தொடர்பே இல்லையென்றால் பூச்சியம்.

உங்கள் விடை இந்தப் பூச்சியத்தில்தான் ஒளிந்திருக்கிறது. துவித எண்ணியில் ஒரு மேல் பிட் மாறும்போதெல்லாம் அதற்குக் கீழுள்ள எல்லா பிட்களும் 1இலிருந்து 0க்கு இறங்குகின்றன. ஆனால் அந்த மேல் பிட் பாதி வேளைகளில் ஏறுகிறது, பாதி வேளைகளில் இறங்குகிறது. ஆகவே எந்த இரு பிட்களை எடுத்தாலும் சேர்ந்து மாறும் போக்கு சராசரியில் சரியாகப் பூச்சியம். அந்த உறுப்பு இல்லாமற் போனால் எஞ்சுவது மாறல் வீதங்களின் கூட்டுத்தொகை மட்டுமே. ஒவ்வொரு கம்பிக்கும், ஓரத்துப் புவிக் கம்பியையும் சேர்த்தால், எப்போதும் இரண்டு அயல்கள் உள்ளன. எனவே எந்த வரிசையில் வைத்தாலும் ஒவ்வொரு கம்பியின் வீதமும் இரு தடவை கூட்டப்படும். உங்கள் பிட்களின் வீதங்கள் ஒரு கடிகாரத் துடிப்புக்கு 1, 0.5, 0.25. கூட்டி இரட்டித்தால் 3.5. வரிசை எதுவாயினும் 3.5தான்.

தாமதம் ஏன் கூடியது? எண்ணி 3இலிருந்து 4க்குப் போகும் கணத்தைப் பாருங்கள்: 011 என்பது 100 ஆகிறது. 0ஆம், 1ஆம் பிட்கள் இறங்குகின்றன, 2ஆம் பிட் ஏறுகிறது. நீங்கள் வைத்த 0, 2, 1 என்ற வரிசையில் ஏறும் கம்பி இறங்கும் இரு கம்பிகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்கிறது. காரணி 4, சுமை 340. இயல்பான வரிசையில் 2ஆம் பிட்டுக்கு ஒரு புறம் இறங்கும் 1ஆம் பிட், மறு புறம் அசையாத புவிக் கம்பி. காரணி 3, சுமை 270. மற்ற மாற்றங்களையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் இயல்பான வரிசையில் 4 என்ற காரணி ஒருபோதும் வருவதில்லை என்பது தெரியும். அதாவது, வேகமான கம்பிகளை விலக்கி வைக்கும் நல்லெண்ணத்தில் நீங்கள் செய்த மாற்றம், அந்தச் சுற்றில் இதுவரை இல்லாதிருந்த மிக மோசமான நிலையைப் புதிதாக உண்டாக்கிவிட்டது. தாமதம் கால்பங்குக்கு மேல் கூடியிருக்கும்.

இனி, வலுவைக் குறைக்கும் வழி. சமமான இடைவெளி என்ற நிபந்தனையை விட்டுவிடுங்கள். பிணைப்புக் கொள்ளளவம் இடைவெளிக்கு நேர்மாறு விகிதத்தில் குறைகிறது என்று கொண்டால், மொத்த இடைவெளி மாறாதிருக்க, ஒவ்வோர் இடைவெளியையும் அதன் இரு புறமுள்ள கம்பிகளின் வீதங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்த அளவுக்கு விகிதசமமாகப் பங்கிடுவதே மிகக் குறைந்த வலுவைத் தரும். நிபந்தனைக்குட்பட்ட மிகக் குறைந்த மதிப்பைக் காண உதவும் இலக்ராஞ்சிப் பெருக்கியை வைத்து இரண்டு வரிகளில் நிறுவிவிடலாம். கூட்டுத்தொகைக்கு நேர் விகிதமாகக் கொடுப்பதுதான் சரி என்று பலரும் நினைப்பார்கள். அப்படிக் கொடுத்தால் மெதுவான கம்பிகள் அளவுக்கு மீறி நெருக்கப்பட்டு, சமமாக விட்டபோதிருந்த வலுவே திரும்பி வரும்.

இப்படிப் பங்கிட்டவுடன் வரிசைக்கும் உயிர் வந்துவிடுகிறது. சம இடைவெளியில் உங்கள் பிணைப்பு வலுவை 14 என்று வைத்தால், 0, 2, 1 வரிசையில் வர்க்கமூலப் பங்கீடு அதை 13.6 ஆக மட்டும் குறைக்கிறது; 0, 1, 2 வரிசையில் 12.9, 1, 0, 2 வரிசையில் 12.6. மிக வேகமான கம்பி நடுவில், வேகம் குறைந்தவை இரு ஓரங்களை நோக்கி மாறி மாறி இறங்கும் இந்த மலை போன்ற அமைப்பே சுயாதீனமான சமிக்ஞைகளுக்கு மிகச் சிறந்தது. ஓரத்தில் நிற்கும் புவிக் கம்பியின் மாறல் வீதம் பூச்சியம் என்பதால் அதற்கருகே மெதுவான கம்பியை வைத்தால் அங்கே குறுகிய இடைவெளி போதும். மிச்சப்படும் இடம் நடுவே பயன்படுகிறது. 1, 0, 2 வரிசையில் காரணி 4 வரும் கணமும் இல்லை என்பதையும் நான் சரிபார்த்துள்ளேன். ஆகவே வரிசையைத் தெரிவதில் வலுவுக்கும் தாமதத்துக்கும் இங்கே முரண்பாடில்லை.

அளவுகளோடு சொன்னால், சிப் உற்பத்தி நிறுவனமான ஸ்கைவோட்டரின் 130 நானோமீற்றர் தொழினுட்பத்தில் மூன்றாம் உலோகப் படையில் இரு கம்பிகளுக்கிடையே விட வேண்டிய ஆகக் குறைந்த இடைவெளி 0.3 மைக்ரோமீற்றர். நீங்கள் நான்கு இடைவெளிகளுக்கும் 0.6 வீதம், மொத்தம் 2.4 மைக்ரோமீற்றர் விட்டிருந்தால், அதே 2.4ஐ 0.48, 0.83, 0.75, 0.34 என்று பங்கிடலாம். எல்லாம் 0.3க்கு மேல்தான். ஆனால் தொடக்கத்திலேயே எல்லா இடைவெளிகளையும் 0.3இல் நெருக்கி வைத்திருந்தால் பங்கிட எதுவுமில்லை. இந்த முறை முழுவதும், கொஞ்சமாவது உபரி இடம் இருக்கிறது என்ற எடுகோளின் மேல் நிற்கிறது.

10 சதவீதம் என்பது, அதுவும் பிணைப்புப் பகுதியில் மட்டும், பெரிய ஆதாயமல்ல என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணி என்பது வரிசை மாற்றத்துக்கு ஏற்ற உதாரணமல்ல, ஏனெனில் சேர்ந்து மாறும் போக்கு அங்கே பூச்சியம். அது பூச்சியமல்லாத இடங்களில்தான் வரிசை தன் முழு வேலையைக் காட்டும். ஐந்து நிலைகள் கொண்ட ஒரு வளைய எண்ணியை எடுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு கம்பி மட்டும் 1 ஆக இருக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் அந்த 1 அடுத்த கம்பிக்கு நகரும். கம்பிகளை 1, 2, 3, 4, 5 என்று வைத்தால், ஒன்று இறங்கும் அதே கணத்தில் அதன் பக்கத்திலுள்ளது ஏறுகிறது; எதிரெதிர் மாற்றம் ஒவ்வோர் அடியிலும் நடக்கிறது. ஒரு முழுச் சுற்றில் அயற் கம்பிச் சோடி ஒவ்வொன்றுக்கும் 6 அலகு, ஓரத்து இரு இடைவெளிகளுக்கும் சேர்த்து 4, மொத்தம் 28. இப்போது 1, 3, 5, 2, 4 என்று வையுங்கள். அடுத்தடுத்து மாறும் எந்த இரு கம்பியும் இப்போது அருகருகே இல்லை. ஒவ்வொரு சோடிக்கும் 4 அலகு, மொத்தம் 20. இடைவெளியைத் தொடாமலேயே, ஒரு மைக்ரோமீற்றர் இடமும் கூடாமல், பிணைப்பு வலுவில் நான்கில் ஒன்றுக்கு மேல் மிச்சம்; அதோடு தாமதக் காரணியும் 3இலிருந்து 2க்கு இறங்குகிறது. ஐந்து கம்பிகளின் இந்தச் சிறிய மாற்றத்தை எழுதிப் பார்க்கும் மாணவர் எவருக்கும் இந்தத் துறையில் ஆர்வம் பிறக்காமல் இருக்காது என்று நான் நம்புகிறேன்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. குறியுடைய முழு எண்கள் பூச்சியத்தைச் சுற்றிச் சிறு அளவில் ஏறி இறங்கும்போது, மறை எண்களைத் துவிதத்தில் எழுதும் வழக்கமான முறையான இரண்டின் நிரப்பி முறையில் மேல் பிட்கள் எல்லாம் குறியின் பிரதிகளாக ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். ஒலி, உணரி போன்றவற்றின் தரவுகளில் இது வழமை. இவற்றைப் பிரிக்காமல் ஒட்டி வைப்பதே நன்று; அவற்றுக்கிடையே இடைவெளியைக் குறைத்தாலும் வலுவில் இழப்பு மிகச் சிறிது. ஒரு சமிக்ஞையும் அதன் மறுதலையும் அருகருகே ஓடுவது இதற்கு நேரெதிர். இரண்டின் வேறுபாட்டையே படிக்கும் வேறுபாட்டுச் சமிக்ஞையாக வடிவமைத்தால் தவிர, அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் போக்குகளை அறிய, சுற்றை ஐகாரஸ் வெரிலாக் போன்ற மென்பொருளில் ஓட்டி, ஒவ்வொரு சமிக்ஞையும் எப்போது மாறியது என்ற பதிவைக் கோப்பாக எடுப்போம். அந்த ஓட்டத்துக்கு எழுமாறான உள்ளீடுகளைக் கொடுத்தால் தரவுக் கம்பிகள் எல்லாவற்றினதும் சேர்ந்து மாறும் போக்கு பூச்சியத்துக்கு அருகில் வந்து நிற்கும். "வரிசையால் பயனில்லை" என்ற தவறான முடிவுக்கு நீங்கள் வருவீர்கள். சிப் உண்மையில் செய்யப்போகும் வேலையை ஒத்த உள்ளீடே வேண்டும். மேலும், இரு கம்பிகள் ஒரே கடிகாரத் துடிப்பில் மாறுகின்றன என்பதாலேயே அவை சேர்ந்து மாறுகின்றன என்று கொள்ளக்கூடாது. ஒன்று துடிப்பு வந்து 100 பிக்கோசெக்கனிலும் மற்றது 900 பிக்கோசெக்கனிலும் மாறினால், ஒன்றின் மாற்றம் முடிந்த பிறகே மற்றது தொடங்குகிறது. அந்த அயலுக்கான தாமதக் காரணி 1, சக்தியிலும் அவை தனித்தனி. ஆகவே பதிவைப் படிக்கும்போது படலைகளின் தாமதத்தையும் சேர்த்து ஓட்டிய பதிவையே படியுங்கள். இரு கம்பிகளின் மாற்ற நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் வேளைகளை மட்டும் சேர்ந்த மாற்றமாக எண்ணுங்கள்.

எண்ணிய பிறகு வரிசையைத் தேடுவது, நகரங்கள் எல்லாவற்றையும் ஒரு முறை சுற்றிவரும் வணிகரின் புகழ்பெற்ற பிரச்சினையை ஒத்தது. 8 கம்பிகளுக்குக் கண்ணாடி விம்பங்களை ஒன்றாகக் கொண்டால் 20,160 வரிசைகள்தான். சாதாரண மடிகணினி எல்லாவற்றையும் ஒரு கணத்தில் சோதித்துவிடும். 32 கம்பிகள் என்றால் அது நடவாது. ஒரு நல்ல தொடக்க வரிசையிலிருந்து இரண்டிரண்டாக இடம் மாற்றி, குறைந்தால் ஏற்று, கூடினால் விட்டுச் செல்லும் எளிய முறை பெரும்பாலும் போதும். இரு முனைகளிலும் இணைப்புகளின் வரிசை முன்பே நிர்ணயிக்கப்பட்டிருந்தால், கம்பிகளைக் கடக்க வைப்பதற்கு மேலும் கீழும் படை மாற வேண்டும். அதன் செலவு குறுகிய கம்பிகளில் ஆதாயத்தை விழுங்கிவிடும். சில பத்து மைக்ரோமீற்றர் நீளமுள்ள கம்பிகளுக்கு இதைச் செய்யவே வேண்டாம்.

இடையில் ஒரு புவிக் கம்பியைச் செருகிக் கவசமிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அது அந்தப் புறத்துக்கான காரணியை எப்போதும் 1 ஆக வைத்திருக்கும். கடிகாரக் கம்பிக்கு அந்த உறுதி வேண்டும், ஆகவே அங்கே கவசமே சரி. ஆனால் சாதாரணத் தரவுக் கம்பிகளுக்கு, அதே இடத்தை வெறுமையாக விடுவதைப் பற்றி யோசியுங்கள். கம்பியின் அகலமும் இடைவெளியும் சமம் என்றால், கவசத்தை எடுத்துவிட்டதும் இடைவெளி மூன்று மடங்காகிறது, பிணைப்பு மூன்றிலொன்றாகிறது. எதிர்த்திசை மாற்றத்திலும் காரணி 2ஐப் பெருக்கினால் மூன்றில் இரண்டு. கவசத்தின் 1ஐவிட இது குறைவு. பக்கச் சுவர் விளிம்பில் வளைந்து செல்லும் புலத்தை இந்த எளிய கணக்கு பார்ப்பதில்லை. ஆயினும் கவசத்தை முதல் மருந்தாக எடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

உங்கள் சுற்றுக்கே திரும்பினால், வரிசையையும் இடைவெளியையும் தொடுவதற்கு முன் குறியீட்டை மாற்ற முடியுமா என்று பாருங்கள். பிராங்க் கிரேயின் பெயரால் வழங்கும், 1953இல் காப்புரிமம் பெற்ற கிரே குறியீட்டில் ஒவ்வோர் அடியிலும் ஒரு பிட் மட்டுமே மாறும். உங்கள் துவித எண்ணி எட்டு அடிகளில் 14 மாற்றங்களைச் செய்கிறது. கிரே குறியீட்டில் 8. எந்த வரிசையும் தராத மிச்சம் இது, அதோடு இரு கம்பிகள் ஒன்றாக மாறும் வேளையே இல்லாததால் இரு புறமும் சேர்ந்த காரணி எப்போதும் 2. கம்பியின் மறு முனையில் மீண்டும் துவிதத்துக்கு மாற்றச் சில படலைகள் வேண்டும். 1 மில்லிமீற்றர் கம்பிக்கு அது தாங்கக்கூடிய விலையே. பல கம்பிகள் சேர்ந்து தரவைக் கொண்டு செல்லும் அகலமான தரவுப் பாட்டைகளுக்கு, 1995இல் ஸ்டானும் பேர்ல்சனும் வெளியிட்ட முறை ஒன்றுண்டு: பாதிக்கு மேற்பட்ட கம்பிகள் மாற வேண்டி வந்தால் எல்லாவற்றையும் தலைகீழாக்கி அனுப்பி, அதைத் தெரிவிக்க ஒரு கம்பியைக் கூடுதலாக வைப்பது. அது மாற்றங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறது, அயலைப் பார்ப்பதில்லை என்பதை நினைவில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

இவற்றை எல்லாம் ஒலுவிலிலோ, கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள வந்தாறுமூலையிலோ இருந்துகொண்டே, எந்த உரிமக் கட்டணமும் இன்றிச் செய்து பார்க்கலாம். ஸ்கைவோட்டரின் 130 நானோமீற்றர் தொழினுட்பக் கோப்புகள் 2020இல் கூகிளின் துணையோடு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. சிப்பின் அமைப்பை வரையும் மாஜிக் மென்பொருளில் மூன்று கம்பிகளையும் இரு புவிக் கம்பிகளையும் வரைந்து, அதிலிருந்து கொள்ளளவங்களைப் பிரித்தெடுத்து, மின்சுற்றைப் பாவனை செய்யும் என்ஜிஸ்பைஸ் மென்பொருளில் 1.8 வோல்ட்டில் ஓட்டுங்கள். 3இலிருந்து 4க்கான மாற்றத்தை மூன்று வரிசைகளிலும் ஓட்டித் தாமதத்தை ஒப்பிடுங்கள். பிறகு 7இலிருந்து 0க்குப் போகும் மாற்றத்தையும் கட்டாயம் ஓட்டுங்கள்: மூன்று கம்பிகளும் ஒன்றாக இறங்குவதால் நடுக் கம்பியின் சுமை 60க்கு விழுந்து, சமிக்ஞை வழக்கத்தைவிட மிக முந்தி வந்து சேரும். பெறும் பக்கத்து எழு-விழு (கடிகாரத் துடிப்பில் ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் நினைவுச் சுற்று) முந்திய மதிப்பைப் பிடித்து முடிப்பதற்குள் புதிய மதிப்பு வந்துவிட்டால் சுற்று பிழையாக இயங்கும். கடிகாரத்தை எவ்வளவு மெதுவாக்கினாலும் அந்தப் பிழை தீராது. அந்தச் சோதனையை 200 பெம்டோபரட்டில் செய்யாமல் 60இல் செய்யுங்கள்.